போட்டு வா என்னும் கட்டளை

கொழும்பு
3 மார்ச் 1975

என் அன்புக் கத்தரீனா,

பார்சலைப் பிரித்துவிட்டாயா? பிரிக்காவிட்டால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைப் பிரி. உள்ளே இருப்பது புடவை இல்லை, ஏமாறாதே. புத்தகம்! நான் எழுதியது! தட்டச்சில் அடித்து, நூலால் தைத்து, மட்டை போட்டது. பெயர் 'மின்கணிக்குக் கட்டளையிடுதல்'. மண்கும்பானில் இருக்கும் அம்மாவுக்குக்கூட இன்னும் காட்டவில்லை. முதற்பிரதி உனக்குத்தான்.

எங்கள் கந்தோரில் ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஓர் அறை முழுக்க அதுதான். எங்களுக்கு வியர்த்து வழிய, அதற்கு மட்டும் குளிரூட்டி. அது தானாக ஒன்றும் செய்யாது. என்ன செய்யவேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை, அந்த அட்டையில் எழுத்துக்குப் பதில் துளைகள். அட்டைக் கட்டை ஒரு பக்கத்தால் கொடுத்தால் மறுபக்கத்தால் விடை அச்சாகி வரும். அப்படி எழுதிக் கொடுப்பதைத்தான் புரோகிராம் என்கிறோம். இதுவரை இங்கிலிஷ் சொற்களில் மட்டும் எழுதினோம்.

இப்போதுதான் செய்தி! மெஷினுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிற ஒரு மொழிபெயர்ப்பு புரோகிராம் எழுதிவிட்டேன். துளைக்கும் யந்திரத்தில் தமிழ் எழுத்து இல்லை. ஆகவே தமிழ்ச் சொல்லை இங்கிலிஷ் எழுத்தில் துளைத்துக் கொடுத்தால் அது மெஷினுக்கு விளங்கும் சொல்லாக மாற்றும். 'காட்டு' என்றால் காட்டும். 'நில்' என்றால் நிற்கும். முதன்முதலாக ஒரு 'காட்டு' ஓடி அச்சான தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், கத்தரீனா!

எங்கள் பகுதித் தலைவர் ஐயாத்துரை சேருக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. பள்ளி முடித்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு ஒன்று தொடங்கப் போகிறார்கள், இங்கிலிஷில், கொழும்பில் மட்டும். நான் சண்டை பிடித்தேன். கடைசியில் அவர் சொன்னது இது: "உம்மடை புத்தகத்தை மட்டும் வாசிச்சு, மெஷினைக் கண்ணாலையும் காணாத பிள்ளையள் நான் குடுக்கிற கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதட்டும். அது இஞ்சை ஓடினால் வகுப்பு தமிழிலை, யாழ்ப்பாணத்திலை. ஓடாட்டி இந்தக் கதையை இனி எடுக்கப்படாது."

நீ கணிதம் படிப்பிக்கும் நெடுந்தீவுப் பிள்ளைகளை விட இதற்கு யார் பொருத்தம்? அவர்களுக்கு இங்கிலிஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். வாசித்துப் பார். நன்றாக இருக்கிறது என்று உடனே எழுது.

உன்,
சறோஜினிதேவி

*

நெடுந்தீவு
16 மார்ச் 1975

அன்புள்ள சறோ,

உன் புத்தகம் வந்தது. தையல் நன்றாக இருக்கிறது.

நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். இருபத்தோராம் பக்கத்தில் நீ எழுதியிருப்பது இது: 'மாறியின் பெறுமானம் நிபந்தனையைத் திருப்தி செய்யுமாயின் கட்டுப்பாடானது குறிப்பிடப்பட்ட கூற்றிற்கு இடமாற்றப்படும்.' வகுப்பில் உரத்து வாசித்தேன். பதினொரு பெண்பிள்ளைகளும் தேவாலயத்தில் இலத்தீன் பூசை கேட்பது போல மரியாதையாக இருந்தார்கள். அல்போன்சம்மா மட்டும் கையை உயர்த்தி, "ரீச்சர், ஆரை இடமாத்தினவங்கள்?" என்று கேட்டாள்.

இதைவிட இங்கிலிஷே நல்லது. இங்கிலிஷ் விளங்கவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வெட்கமில்லை. தமிழ் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

பிழை விட்டால் மெஷின் 'பிழை 117' என்று அச்சடிக்குமாம், பிறகு கடைசிப் பக்க அட்டவணையில் 117 என்னவென்று தேட வேண்டுமாம். பிழை விட்ட பிள்ளைக்கு இலக்கம் கொடுத்து அனுப்புகிற பள்ளிக்கூடம் எங்கேயாவது உண்டா?

இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்காக நீ எழுதவில்லை. ஐயாத்துரை சேர் வாசித்தால் கெட்டிக்காரி என்று சொல்லவேண்டும் என்று எழுதியிருக்கிறாய்.

ஆறு வருடத்துக்கு முன்பு நீயும் நானும் ஒரே மேசையில் இருந்து நீ இப்போது பார்க்கிற வேலைக்குச் சோதனை எழுதினோம். கணக்கெல்லாம் எனக்குத் தெரிந்த கணக்கு. கேள்வியைத்தான் வாசிக்க முடியவில்லை. உன் தகப்பனார் மாத்தறையில் கடை வைத்திருந்தார், நீ அங்கே கொன்வென்ற்றில் இங்கிலிஷ் படித்தாய். என் தகப்பனார் குருசுமுத்து கடலில் வலை வைத்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மேசையை நீ மறந்துவிட்டாய் என்று உன் புத்தகம் சொல்கிறது.

இப்படிக்கு,
கத்தரீனா

*

கொழும்பு
24 மார்ச் 1975

செல்வி கு. கத்தரீனா அவர்களுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஒரு வருட உழைப்பைப் பற்றித் தையல் நன்றாக இருக்கிறது என்று எழுதியமைக்கு நன்றி.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பவும். வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறேன்.

சறோஜினிதேவி

*

நெடுந்தீவு
9 ஏப்ரல் 1975

சறோ,

'உமது' என்றா எழுதுகிறாய்? விடுதியில் ஒரே பாயில் படுத்தவளுக்கு 'உமது'! நல்லது. கோபம் ஆறியபின் வாசி. ஆறாவிட்டாலும் வாசி, ஏனென்றால் இன்றைக்கு நடந்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். புத்தகம் திரும்பி வராது.

உன் புத்தகத்தைத் தூக்கி அலுமாரியில் வைத்துவிட்டு, ஒரு புரோகிராமை மட்டும் எடுத்தேன். கூட்டத்தில் பெரியது எது என்று கண்டுபிடிப்பது. அதைச் சாதாரணத் தமிழில் மாற்றி, ஒரு வரிக்கு ஒரு பலகையாக எழுதி, பள்ளி வளவின் கல்வேலி ஓரமாக வரிசையாகச் சாத்தினேன். ஒரு கூடையில் மீன். ஒரு சட்டி. மீன் கேட்டால் இந்த ஊரில் யார் இல்லை என்கிறார்கள்? அல்போன்சம்மாதான் மெஷின். பலகையில் உள்ளதை மட்டும் செய்யவேண்டும், சொந்தப் புத்தியைப் பாவிக்கக்கூடாது என்று சொன்னேன். பலகைகள் இவைதான்:

1. கூடையில் ஒரு மீனை எடுத்துச் சட்டியில் வை.
2. கூடை வெறுமையானால் 6ஆம் பலகைக்குப் போ.
3. கூடையில் அடுத்த மீனை எடு.
4. அது சட்டி மீனைவிடச் சிறிதானால் 2ஆம் பலகைக்குப் போ.
5. சட்டி மீனை எடுத்துவிட்டு இதை வை. 2ஆம் பலகைக்குப் போ.
6. சட்டி மீனைக் காட்டு. நில்.

அல்போன்சம்மா முதலில் எடுத்தது ஒரு பாரை, முழங்கை நீளம். சட்டியில் வைத்தாள். அடுத்து எடுத்தது ஒரு சூடை, விரல் நீளம். சிறிது. ஆகவே இரண்டாம் பலகைக்குப் போனாள், கூடையைப் பார்த்தாள், வெறுமை இல்லை. அடுத்து மூன்றாம் பலகைக்குத்தானே போகவேண்டும்? அவள் நேராக நாலாம் பலகைக்குத் திரும்பி வந்தாள்! அங்கிருந்து ஐந்துக்குப் போய், பாரையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுச் சூடையைச் சட்டியில் வைத்தாள். மறுபடியும் இரண்டுக்குப் போனாள், பார்த்தாள், ஐந்துக்கு வந்தாள், ஆறுக்கு நடந்தாள். சூடையை வாலில் பிடித்துத் தூக்கி, "இதுதான் பெரிசு" என்று காட்டிவிட்டு நின்றாள்.

வளவு முழுக்கச் சிரிப்பு. பாரை கீழே கிடந்து பார்க்கிறது!

வேறொருத்தியை மெஷின் ஆக்கினேன். அவளும் அப்படித்தான். மூன்றாவது ஆளும் போன இடத்திலிருந்து திரும்பி, அனுப்பிய பலகைக்கே வந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் பிள்ளை திரும்பி வாறாய்?" என்றேன். அல்போன்சம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ரீச்சர், ஒருத்தர் ஒரு இடத்துக்கு அனுப்பினால் போட்டு வரவேணும்தானே? அனுப்பினவையிட்டை வந்து சொல்லாமல் அங்கையே நிண்டால் என்ன நினைப்பினம்?"

யோசித்துப் பார், சறோ. இந்தத் தீவில் யாரும் யாருக்கும் 'போ' என்று மட்டும் சொல்வதில்லை, போய்விட்டு வா என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது கடலில் இருக்கிறார்கள். கடைக்கு அனுப்பினாலும் போட்டு வா, கரையை விட்டு வள்ளம் தள்ளினாலும் போட்டு வா. திரும்பி வந்து முகத்தைக் காட்டினால்தான் போன வேலை முடிந்தது. இந்தப் பிள்ளைகள் பிழை விடவில்லை. பலகைதான் பிழை.

உன் மெஷினுக்குப் போட்டு வரத் தெரியுமா? அல்லது போனால் போனதுதானா? உடனே எழுது. கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை.

கத்தரீனா

*

கொழும்பு
17 ஏப்ரல் 1975

என் தங்கமே, என் ராசாத்தி, என் கத்தரீனா!

தெரியும்! தெரியும்! மெஷினுக்கு இரண்டும் தெரியும்!

உன் கடிதத்தைக் கந்தோரிலேயே வாசித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். அந்தச் சூடையின் கதையை அவருக்குச் சொன்னேன், அவரும் சிரித்தார்.

கேள். மெஷினை ஓர் இடத்துக்கு அனுப்ப இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, போனால் போனதுதான், அங்கிருந்தே மேற்கொண்டு நடக்கும். மற்றது, போய், அந்த வேலையைச் செய்து முடித்து, அனுப்பிய இடத்துக்கே திரும்பி வரும். இந்த இரண்டாவதைத்தான் எல்லாப் புத்தகத்திலும் கடைசியில் வைப்பார்கள், ஏனென்றால் அது கடினமாம். நானும் பதினோராம் அத்தியாயத்தில் வைத்து, 'துணைநடைமுறை அழைப்பும் மீள்கையும்' என்று தலைப்புப் போட்டு, படித்தவரைப் பயமுறுத்தி வைத்தேன். உன் பிள்ளைகள் அதை ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல் நடந்து காட்டியிருக்கிறார்கள்! நான் முதலில் வைத்ததுதான் அவர்களுக்கு அந்நியம். நான் கடைசியில் வைத்தது அவர்கள் வீட்டு வழக்கம்!

புத்தகத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னேன் அல்லவா? அனுப்பாதே. அடுப்பில் போடு. முழுவதையும் திரும்ப எழுதுகிறேன். முதல் அத்தியாயமே 'போட்டு வா'. மொழிபெயர்ப்பு புரோகிராமில் அந்தச் சொல்லையே கட்டளையாக வைத்துவிட்டேன், நேற்று ஓடியது! போனால் வராத மற்றக் கட்டளைக்கு இனிமேல் 'போ' இல்லை, 'தொடர்' என்று வைக்கிறேன். 'தொடர் 2' என்றால் இரண்டாம் வரியிலிருந்து தொடரவேண்டும், திரும்பத் தேவையில்லை. சரியா?

பிழைக்கு இலக்கம் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். இனி மெஷினுக்கு ஒரு வரி புரியாவிட்டால் 'இந்த வரி எனக்கு விளங்கேல்லை' என்று அந்த வரியையே அச்சடித்துக் காட்டும். இதை எழுதும்போது உன் முகம்தான் நினைவில்.

அந்த மேசையை நான் மறக்கவில்லை. நீ கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாய், பேனையின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. அதைப் பார்த்திருக்காவிட்டால் இந்தப் புத்தகம் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் எழுதத் தொடங்கியதும் பெரிய சொற்கள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. நீ சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இனி ஒவ்வொரு அத்தியாயமும் எழுத எழுத உனக்கு வரும். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்களோ அந்த இடத்தைக் கோடு போட்டு அனுப்பு.

உன் சறோ

*

நெடுந்தீவு
22 மே 1975

அன்புள்ள சறோ,

நாலு அத்தியாயம் முடித்துவிட்டோம்.

சிவப்பில் கோடு போட்டு இத்துடன் அனுப்புகிறேன். கோடு கூடுதலாக இருக்கிறது என்று மறுபடி 'உமது' என்று தொடங்காதே. மூன்றாம் அத்தியாயத்தில் 'மாறி' என்பதை எடுத்துவிட்டுச் 'சட்டி' என்று போடு. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் கிடக்கும், புதிதை வைத்தால் பழையது போய்விடும், அவ்வளவுதானே? அதற்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்? நீ பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் மெஷின் ஏற்காது என்று எழுதியதும் பிள்ளைகள் இங்கிலிஷ் எழுத்தில் கூட்டிப் பார்த்தார்கள். சட்டி ஐந்து, கூடை சரியாக ஆறு. மெஷின் மீன்காரருக்காகவே செய்ததாம். பதினொரு பேரில் ஒருத்தி, றோசம்மா, சொல்கிறாள்.

நீ கேட்டதற்கு மறுமொழி: ஓம், 'தொடர்' விளங்குகிறது. ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆனால் போன வேலை முடிந்ததும் திரும்பி வரச் சொல்லும் கட்டளையின் சொல்லை மாற்றிவிட்டார்கள். நீ புத்தகத்தில் 'திரும்பு' என்று எழுதியிருக்கிறாய். பலகையிலும் அப்படித்தான் எழுதினேன். அவர்களோ அந்தப் பலகைக்கு வந்ததும் ஒன்றுசேரக் கத்துகிறார்கள், "வந்திட்டன்!" நான் திருத்திக் களைத்துவிட்டேன். வந்தவள் வந்திட்டன் என்றுதானே சொல்லவேண்டும் என்கிறார்கள்.

ஊர் முழுக்க இப்போது இதுதான். அல்போன்சம்மாவின் தாயார் என்னைச் சந்தையில் மறித்தார். "ரீச்சர், இவளைக் கிணத்தடிக்கு அனுப்பினால் வாளியோடை வந்து நிண்டு, கட்டளை முடிஞ்சுது, அடுத்த வரி என்ன எண்டு கேக்கிறாள். இது படிப்போ, விசரோ?" இரண்டும்தான் என்றேன்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன், சறோ. பள்ளிக்குப் போக விடியவேண்டுமே என்று இருக்கிறது. சோளகக் காற்று தொடங்குகிறது, கடல் குழம்பும், தபால் பிந்தும். மற்ற அத்தியாயங்களைக் கெதியாக அனுப்பு.

கத்தரீனா

*

கொழும்பு
4 யூலை 1975

என் அன்புக் கத்தரீனா,

வந்துவிட்டது! ஐயாத்துரை சேர் கணக்கைக் கொடுத்துவிட்டார்!

மூன்று பள்ளிக்கூடங்களின் கணிதப் புள்ளிகள் மூன்று கட்டு அட்டைகளாகக் கிடக்கும். ஒவ்வொரு பள்ளியிலும் ஆகக் கூடிய புள்ளி எது என்று கண்டு அச்சடிக்கவேண்டும். பிள்ளைகள் தாங்களாக எழுதவேண்டும். நான் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது, வந்தபடியே துளைக்கவேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் முன்னால் ஓடவிடவேண்டும். அதற்குப் பிறகு அவர் பயிற்சி வகுப்புக்கான கடிதத்தில் ஒப்பமிடுகிறார். தமிழா, இங்கிலிஷா என்பது அன்றைக்கு முடிவு.

மூன்று முறை ஒரே வேலை என்பதை அவர்கள் பிடித்துக்கொள்வார்களா? நான் ஒன்றும் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. கோடு போட்டு வைக்கவும் இல்லை. நீயும் சொல்லாதே.

எழுதி முடிந்த உடனே தபாலில் போடு.

உன் சறோ

*

தந்தி
நெடுந்தீவு, 17 யூலை 1975

போட்டுவா பெரிசு கூடை 1
காட்டு சட்டி
போட்டுவா பெரிசு கூடை 2
காட்டு சட்டி
போட்டுவா பெரிசு கூடை 3
காட்டு சட்டி
நில்
வேலை பெரிசு
சட்டியில் வை முதல்
வரி 1 கூடை வெறுமை எனில் தொடர் 2
எடு மற்றது
சட்டியிலும் சிறிது எனில் தொடர் 1
சட்டியில் வை மற்றது
தொடர் 1
வரி 2 வந்திட்டன்

கடல் மோசம். வள்ளம் இல்லை. தபால் கிடக்கிறது. இதுதான் முழுவதும். கத்தரீனா

*

கொழும்பு
18 யூலை 1975, வெள்ளி மாலை

கத்தரீனா!

எங்கே தொடங்குவது? நேற்றுப் பின்னேரம் வரை தபாலில் ஒன்றும் இல்லை. போட்டது போட்டபடி உங்கள் தீவுக்கு வள்ளம் ஏறுகிற குறிகட்டுவானுக்கு ஓடி வரலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு தந்திக்காரர் வந்தார். முகம் சரியில்லை. "மிஸ், சட்டியும் கூடையும் எண்டு என்னவோ கிடக்கு. ஆருக்கும் சுகமில்லையோ?" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை!

இங்கிலிஷ் எழுத்தில் தமிழ்ச் சொல். தந்திக்கும் அதுதான் வேண்டும், என் மெஷினுக்கும் அதுதான் வேண்டும். இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? உங்கள் ஊர்ப் பஸ்ரியாம்பிள்ளை போஸ்ற்மாஸ்ரர் இதை அனுப்பச் சம்மதித்தது எப்படி என்று அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

வாசித்தேன். மூன்று தரம் போட்டு வா! வேலையை ஒரே ஒரு தரம் எழுதிவிட்டு, மூன்று கூடைக்கும் ஆளை அனுப்பி எடுத்திருக்கிறார்கள். அதனால்தானே தந்தியில் அடங்கியது. பதினோராம் அத்தியாயத்து விஷயம்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகிழ்ச்சியில் ஒவ்வொரு வரியையும் பார்த்தேன், கடைசிச் சொல்லை மட்டும் பார்க்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம். ஐயாத்துரை சேர், இன்னும் இரண்டு பெரியவர்கள், கந்தோரில் பாதி. அட்டைக் கட்டைக் கொடுத்தேன். அச்சுப்பொறி ஒரே ஒரு வரி அடித்துவிட்டு நின்றது.

'இந்த வரி எனக்கு விளங்கேல்லை: வந்திட்டன்.'

மே மாதத்திலேயே நீ எழுதினாய். பிள்ளைகள் 'திரும்பு' என்று சொல்கிறார்கள் இல்லை என்று எழுதினாய். நான் வாசித்துச் சிரித்துவிட்டு, சட்டியையும் கூடையையும் புத்தகத்தில் எழுத ஓடிவிட்டேன்.

ஐயாத்துரை சேர் தாளைக் கிழித்துக் கையில் எடுத்தார். "மெஷினே சொல்லிப்போட்டுது, தனக்கு விளங்கேல்லையெண்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "ஓம் சேர். மெஷினுக்குத்தான் விளங்கேல்லை. எனக்கு விளங்குது. உங்களுக்கு விளங்கேல்லையோ?" என்றேன்.

அவர் அப்போதுதான் தந்தியை வாங்கி முதல் வரியிலிருந்து வாசித்தார். உதடு அசைந்தது. கடைசி வரியில் சிரிப்பு வந்து மீசையில் நின்றது. "விளங்குது" என்றார்.

"அப்ப ஆரைத் திருத்திறது, சேர்? பிள்ளையளையோ, மெஷினையோ?"

பெரியவர்களில் ஒருவர் இருமினார். ஐயாத்துரை சேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளையளின்ரை ஒரு எழுத்தும் மாத்தப்படாது. அது ஒப்பந்தம். உம்மடை மொழிபெயர்ப்பை என்னவும் செய்யும்" என்றார்.

ஓர் அட்டை, கத்தரீனா! 'வந்திட்டன்' என்றாலும் 'திரும்பு' என்றாலும் ஒன்றுதான் என்று மொழிபெயர்ப்பு புரோகிராமுக்குச் சொல்ல எனக்கு ஒரே ஓர் அட்டைதான் தேவைப்பட்டது. அவசரத்தில் துளைத்து முதல் அட்டை பழுதாகி, இரண்டாவது சரி வந்தது. உங்கள் கட்டை ஓர் அட்டையும் மாறாமல் திரும்பக் கொடுத்தேன்.

ஓடியது! 91. 88. 97. மூன்றும் சரி! கந்தோரே கை தட்டியது. ஐயாத்துரை சேர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இங்கிலிஷ் தெரிஞ்ச எனக்கே, நான் படிக்கேக்கை இந்தப் போட்டுவா விளங்க மூண்டு கிழமை எடுத்தது" என்றார். பிறகு, "புள்ளியள் ஏன் சட்டிக்கை கிடக்குது?" என்று கேட்டார். சூடையின் கதையைச் சொன்னேன். மனிதர் சத்தமாகச் சிரித்து நான் இன்றைக்குத்தான் கேட்டேன்.

வகுப்பு தமிழில்! யாழ்ப்பாணத்தில்! செப்ரெம்பரில் தொடங்குகிறது, புத்தகமும் அச்சாகிறது. உன் பதினொரு பிள்ளைகளுக்கும் இடம்.

இன்னும் ஒன்று. "ஆர் படிப்பிக்கிறது? உம்மை நான் விடமாட்டன்" என்றார். நெடுந்தீவு ரீச்சர் என்றேன். "அவவுக்கு இங்கிலிஷ் வருமோ?" என்றார். "வராது சேர். அதாலைதான் இந்தப் புத்தகம் திருந்தினது" என்றேன். சம்மதித்துவிட்டார். ஆனால் நீ ஓகஸ்ட் முழுக்க இங்கே வந்து மெஷினோடு பழகவேண்டும். என் அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறது. சோதனை இல்லை. கேள்வித்தாள் இல்லை. வா.

உன் சறோ

*

குறிகட்டுவான்
30 யூலை 1975

சறோ,

துறையில் பஸ்ஸுக்குக் காத்திருந்து எழுதுகிறேன். பெட்டி மடியில் இருக்கிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இந்தக் கடிதமும் நானும் ஒரே மெயில் ரெயினில்தான் வருவோம் போலிருக்கிறது. பரவாயில்லை, நேரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மூன்று நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் போனால் மறுபடியும் யாரோ ஒரு தாளை நீட்டுவார்கள், நான் மறுபடியும் பேனையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன் என்றுதான் மனம் சொன்னது. வரமாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுக்கப் போனேன்.

அவர் தந்தி அனுப்பிய கதையைக் கேட்டாயே. முதலில் மறுத்துவிட்டார். "உது இரகசியக் குறியீடு, என்னாலை ஏலாது" என்றார். பதினொரு பேரும் தபாற்கந்தோரின் நடுவில் நின்று, கூடையும் சட்டியும் இல்லாமலே, அவரின் முத்திரைப் பெட்டியை வைத்துக்கொண்டு அந்தப் புரோகிராமை நடந்து காட்டினார்கள். கடைசியில் எல்லாரும் "வந்திட்டன்" என்று கத்த, மனிதர் கதிரையை இழுத்துப்போட்டுத் தந்தியைத் தட்டத் தொடங்கினார்.

அன்றைக்கு என் கடிதத்தின் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ரீச்சர், மெஷினுக்கோ? இந்தமுறை தந்தி இல்லையோ?" என்றார். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை மாவிலித்துறைக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். அம்மாவும் வந்தார். சோளகம் கொஞ்சம் அடங்கியிருந்தது. வள்ளத்தில் ஏறி இருந்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன். கயிற்றை அவிழ்க்கும்போது அல்போன்சம்மா கரையிலிருந்து கையைத் தூக்கினாள். வகுப்பில் பலகை வாசிக்கும் அதே குரல்.

"ரீச்சர்! போட்டு வா!"

எனக்குப் போட்டு வா என்று சொல்கிறாள், ஒரு மாணவி! மற்றப் பிள்ளைகள் பயந்துபோனார்கள். அம்மா அவளை அடிக்கக் கை ஓங்கினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மரியாதையில்லாமல் சொல்லேல்லை, அன்ரி. கட்டளை அப்பிடித்தானே" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது.

ஆகவே வருகிறேன். பயம் இன்னும் இருக்கிறது, பெட்டிக்குள் சீலையோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை கோட்டைப் புகையிரத நிலையத்தில் நில் என்று உனக்குத் தந்தியும் அடித்துவிட்டேன். பிந்தாதே. உன்னைக் கண்டதும் அந்த இடத்திலேயே, கொழும்புச் சனம் எல்லாம் திரும்பிப் பார்க்க, நான் சொல்லவேண்டிய ஒரு சொல் இருக்கிறது. ஆறு வருடம் பிந்திவிட்டது. அனுப்பியவளிடம் வந்து சொன்னால்தானே வேலை முடியும்.

வந்திட்டன், சறோ.

கத்தரீனா